பாதரசம் தொட்டால் ஒன்றும் ஆகாதாமே, உண்மையா?

11 ஏப்ரல் 2024 – கேள்வி, பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்

எங்கள் அண்ணன் ஓசூர் பக்கம் ஒரு குடோனில் ஏழு மாதமாக வேலை செய்கிறார். கம்பெனிகளில் கழற்றிப் போடும் டியூப்லைட்டை மொத்தமாக வாங்கி உடைத்து, முனையில் இருக்கும் அலுமினியத் தொப்பியைத் தனியாகவும் கண்ணாடியைத் தனியாகவும் பிரிப்பார்கள். இப்போது டீ டம்ளர் பிடித்தால் கை ஆடுகிறது. ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறார். "உள்ளே இருப்பது பாதரசம், நானே உள்ளங்கையில் வைத்து விளையாடியிருக்கிறேன், தொட்டால் ஒன்றும் ஆகாது" என்கிறாராம் ஓனர். விவரம் தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

11 ஏப்ரல், இரவு 9.50

ஓனர் பொய் சொல்லவில்லை தம்பி, பாதி சொல்லியிருக்கிறார். நானும் இருபது வருடம் அதே பாதியைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தருமபுரியில் பி.பி. மிஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். இப்போதும் கடை இருக்கிறது, பாதரசம் இல்லை.

தொட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. விழுங்கினால்கூட பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். தெர்மாமீட்டரைக் கடித்து உடைத்துவிட்ட குழந்தையைப் பற்றி டாக்டர்கள் கண்ணாடித் துண்டுக்குத்தான் அதிகம் கவலைப்படுவார்கள். குடலில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ஒட்டாது. ஆனால் அதே பாதரசம் ஆவியாகி மூச்சில் போனால் நூற்றுக்கு எண்பது பங்கு உடம்பில் தங்கிவிடும். நுரையீரலிலிருந்து ரத்தம், ரத்தத்திலிருந்து மூளை, கடைசியில் சிறுநீரகம். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது.

உங்கள் அண்ணனுக்கு இருப்பது மூன்றும் (கை, ஈறு, கோபம்) ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் சும்மா விடக்கூடாது. நாளைக்கே அந்த வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லுங்கள். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

12 ஏப்ரல்

என் கதையைச் சொன்னால்தான் புரியும்.

பி.பி. மிஷின் ஒன்றில் நூறு கிராம் அளவுக்குப் பாதரசம் இருக்கும். நாளாக நாளாக அதன்மேல் கறுப்பாக ஓர் ஆடை படியும், கண்ணாடிக் குழாயும் மங்கிவிடும். ரிப்பேர் என்றால் பாதியும் இந்த அழுக்கு எடுப்பதுதான். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் குண்டூசியால் துளை போட்டு, பாதரசத்தை அதில் ஊற்றுவேன். பளபளவென்று கம்பி மாதிரி கீழே இறங்கும். கறுப்பு ஆடை காகிதத்திலேயே நின்றுவிடும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஒரு நாளில் நாலைந்து மிஷின் வரும். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு சொட்டு மேஜையில் உருண்டு கீழே போகும். விளக்குமாற்றால் பெருக்கி மூலையில் தள்ளிவிடுவேன். கடைக்கு மேலே தகர ஷீட். சித்திரை மாதம் தருமபுரியில் தகர ஷீட்டுக்குக் கீழே எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அதில்தான் விஷயமே இருக்கிறது. 25 டிகிரியில் மூடிய அறையில் பாதரசம் கிடந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் 20 மில்லிகிராம் வரை ஆவி சேரலாம். பத்து டிகிரி கூடினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்திருந்த அளவு 0.05 மில்லிகிராம். நானூறில் ஒரு பங்கு. ஜன்னல், கதவு, காற்று எல்லாம் இருப்பதால் உண்மையில் அவ்வளவு சேராதுதான். ஆனாலும் எட்டிவிட எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள்.

ஆவி கனமானது, தரையோடு தங்கிவிடும். அதனால் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்குத்தான் அதிகம்.

12 ஏப்ரல், அரை மணி கழித்து

மேலே கடைசியாக எழுதியது தப்பு. பாதரச ஆவி காற்றைவிடக் கனம்தான், ஆனால் காற்றில் இருக்கும் அளவு அவ்வளவு கொஞ்சம் என்பதால் அது தனியாகக் கீழே இறங்காது, கலந்துவிடும். தரைக்குப் பக்கத்தில் அதிகம் இருப்பதற்குக் காரணம் சொட்டு தரையில் கிடப்பதுதான். கீழே உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு அதிகம் என்பது மட்டும் சரி.

13 ஏப்ரல்

டியூப்லைட்டில் எவ்வளவு இருக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒன்றில் சில மில்லிகிராம்தான், பழைய காலத்து டியூபில் இன்னும் அதிகம். "ஊசி முனை அளவுக்கா இவ்வளவு பேச்சு" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள குடோன் என்றால் 300 கன மீட்டர். அதில் அனுமதித்த அளவை எட்ட 15 மில்லிகிராம் ஆவி போதும். டியூபுக்கு 5 என்று வைத்தால் மூன்று டியூப். அவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை உடைக்கிறார்கள்?

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து. பாலக்கோட்டுத் தம்பி சொல்கிறார், ஒரு நாளைக்கு முந்நூறு டியூபாம், ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு. பக்கத்துக் கடைக்காரர்கள் தூசி வருகிறது என்று சண்டை போட்டார்களாம்.

என் நேற்றைய கணக்கில் ஒரு திருத்தம். உடைத்தவுடன் எல்லாம் ஆவியாகிவிடாது. பெரும்பகுதி உள்ளே பூசியிருக்கும் வெள்ளைப் பொடியில் ஒட்டிக்கொண்டு, நாள்கணக்கில் மெல்ல மெல்ல வரும். அதனால் நல்லது என்று நினைக்காதீர்கள். அந்தப் பொடி சட்டை, தலைமுடி, டிபன் டப்பா வரைக்கும் ஏறி வீட்டுக்கு வரும். அண்ணன் சட்டையைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள். நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் கடைச் சட்டையும் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் பல வருடம் ஒரே பக்கெட்டில்தான் ஊறின. வயிற்றில் பிள்ளை இருக்கும் பெண் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆவி நஞ்சுக்கொடியைத் தாண்டிவிடும்.

மாஸ்க் போட்டால் போதுமா என்றால், துணி மாஸ்க் பொடியைக் கொஞ்சம் தடுக்கும். ஆவிக்கு அது சல்லடை. அதற்கென்றே பாதரசத்துக்குத் தனி கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் உண்டு. அதைக் குடோனில் யாரும் வாங்கிக் கொடுக்கப்போவதில்லை.

17 ஏப்ரல்

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்கள். பில் புக்கால்.

2017-இல் வரி விஷயமாகப் பழைய பில் புக்கெல்லாம் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். என் மனைவி 2003-ஆம் வருடத்து புக் ஒன்றையும் 2016 புக் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது யார் எழுதினது?" என்றாள். இரண்டும் நான்தான். முதலாவதில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. இரண்டாவதில் 'ழ'வின் வால் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருந்தது. வங்கியில் காசாளர் இரண்டு வருடமாக என்னை மறுபடி மறுபடி கையெழுத்துப் போடச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதுவரை பேனாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நடுக்கத்தைவிட இன்னொன்று இருந்தது, அதை இவ்வளவு நாள் வெளியே சொன்னதில்லை. கூச்சம். டாக்டர் பக்கத்தில் நின்று நான் வேலை செய்வதைப் பார்த்தால் எனக்குக் கை ஓடாது. முகம் சூடாகும். "வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்குத் தருகிறேன்" என்று கத்துவேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் மண்டப வாசலிலிருந்தே திரும்பி வந்திருக்கிறேன். தூக்கம் கிடையாது. ஸ்குரூவை எங்கே வைத்தேன் என்று ஒரு மணி நேரம் தேடுவேன், சட்டைப் பையில் இருக்கும். வீட்டில் கடன் தொல்லை என்று நினைத்தார்கள். அம்மா திருஷ்டி கழித்தாள்.

இதெல்லாம் பாதரசம் செய்யும் வேலை என்று புத்தகத்தில் அச்சாகவே இருக்கிறது. எரிச்சல், கூச்சம், மறதி, தூக்கமின்மை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் முயல் ரோமத்தைப் பாதரச உப்பில் நனைத்துத் தொப்பி செய்தவர்களுக்கு இதே கோளாறு. அமெரிக்காவில் டான்பரி என்ற தொப்பி ஊரில் நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரே வைத்துவிட்டார்கள். தொப்பித் தொழிலில் அதை அங்கே நிறுத்தியது 1941-இல்தான்.

18 ஏப்ரல்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு நாலு பேர் தங்களுக்கும் கை நடுங்குகிறது என்கிறார்கள். பொறுங்கள். தைராய்டுக்கும் கை நடுங்கும், சில ஆஸ்துமா மருந்துக்கும் நடுங்கும், பரம்பரையாகவும் வரும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதரசம் எங்கிருந்து வரும்?

வீட்டில் செய்துபார்க்க ஒரு வழி. காகிதத்தில் கையை ஊன்றாமல் ஒரு கொசுவர்த்திச் சுருள் வரையுங்கள். தேதி போட்டு வையுங்கள். வாராவாரம் ஒன்று. நரம்பு டாக்டரும் இதைத்தான் வரையச் சொல்வார், என்ன, கொசுவர்த்தி என்று சொல்லமாட்டார்.

21 ஏப்ரல்

பல் டாக்டர் உங்கள் அண்ணனிடம் "தருமபுரித் தண்ணி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது. நம் மாவட்டத்தில் வாயைத் திறந்தாலே ஃப்ளூரைடு என்பார்கள். ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்குப் பல்லில் மஞ்சளும் பழுப்பும் இருப்பது உண்மை. ஆனால் ஃப்ளூரைடு பல்லில் எழுதும், எலும்பில் எழுதும். பாதரசம் ஈறில் எழுதும். ஈறு வீக்கம், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருப்பது, செம்புக் காசை நக்கினது மாதிரி ஒரு ருசி. எனக்குக் காலையில் தலையணை நனைந்திருக்கும்.

டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்ன வேலை செய்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 1700-லேயே இத்தாலியில் ராமசினி என்று ஒரு மருத்துவர் நோயாளியிடம் தொழிலைக் கேள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். தங்க முலாம் பூசுகிறவர்கள் பாதரசத்தால் கெட்டுப்போவதையும் அவர் எழுதியிருக்கிறார். தம்பி, அடுத்த முறை போகும்போது சீட்டு எழுதும் இடத்திலேயே "டியூப்லைட் உடைக்கிற வேலை" என்று சொல்லச் சொல்லுங்கள்.

22 ஏப்ரல்

டெஸ்ட் பற்றி. நான் செய்த கூத்தைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமலிருக்க.

முதலில் ரத்தம் கொடுத்தேன். முந்தின இரண்டு நாள் ஒகேனக்கல்லில் விருந்தாளிகளோடு மீன் குழம்பும் வறுவலும். மீனில் இருப்பது வேறு வகைப் பாதரசம், ரத்தத்தில்தான் தெரியும். ஆகவே அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் சொல்லமுடியவில்லை. வெகுநாள் ஆவி சுவாசித்தவருக்குச் சிறுநீர்தான் சரியான கணக்கு.

அடுத்து சிறுநீர். லேபில் கொடுத்த பாட்டிலைக் கடைக்குக் கொண்டுபோய், வேலைக்கு நடுவில், அதே கையோடு பிடித்துக் கொடுத்தேன். 180 என்று வந்தது. வீட்டில் அழுகை. டாக்டர் சிரித்துவிட்டு, இரண்டு நாள் கடைப்பக்கம் போகாமல், குளித்து, வேறு துணி கட்டிக்கொண்டு வீட்டில் எடுத்து வா என்றார். 46. கிரியாட்டினின் (சிறுநீரில் எப்போதும் போகும் ஒரு கழிவு) ஒரு கிராமுக்கு இத்தனை மைக்ரோகிராம் பாதரசம் என்று கணக்கு. அந்தக் கணக்கில்லாத வெறும் எண்ணை நம்பாதீர்கள், நிறையத் தண்ணீர் குடித்தால் அது தானாக இறங்கிவிடும். வேலையில் இருப்பவருக்கு 20-க்குள் இருக்கவேண்டும் என்பது இப்போதைய அளவுகோல்.

சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு லேசாகப் போய்க்கொண்டிருந்தது.

23 ஏப்ரல்

"பாதரசம் போக தினமும் மிளகு ரசம் குடிக்கலாமா?" என்று ஒருவர். குடியுங்கள், ரசம் நல்லது, பெயர்தான் ஒன்று. கொத்தமல்லிச் சாறு, பூண்டு என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி வேலையைத் தொடராதீர்கள், அவ்வளவுதான். மருந்து இருக்கிறது, டி.எம்.எஸ்.ஏ. போல. உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும். அதை டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். எனக்குக் கொடுக்கவில்லை. வேலையை விடச் சொன்னார். உடம்பில் இருப்பதில் பாதி போக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். 46 இரண்டு மாதத்தில் 25 ஆனது, ஆறு மாதத்தில் 9. கையெழுத்து அதைவிட மெதுவாகத்தான் வந்தது. இன்னும் முழுக்க வரவில்லை.

2 மே

மினமாட்டா, மீன், கை கால் முடங்கிய குழந்தைகள் என்று ஒருவர் நீளமாக எழுதி அண்ணனைப் பயமுறுத்தியிருக்கிறார். 1956-இல் ஜப்பானில் வெளியே வந்தது மீதைல் பாதரசம், ஆலைக் கழிவிலிருந்து கடலுக்குப் போய் மீன் வழியாக வந்தது. குடோன் ஆவி வேறு. இரண்டும் மூளையைத் தொடும், பாதை வேறு, விளைவும் வேறு. பாதரசத்தைக் குறைக்கும் உலக ஒப்பந்தத்துக்கு அந்த ஊர்ப் பெயரை வைத்ததால் வந்த குழப்பம். இந்தியா அதை 2018-இல் ஏற்றது. எனக்கு வரும் பி.பி. மிஷின்கள் எல்லாம் டயல், டிஜிட்டல் என்று மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். சில பெரிய டாக்டர்கள் மட்டும் பழையதைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள்.

நம்மூருக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையைப் பாருங்கள். 1983-இல் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. 2001-இல் பாதரசம் ஒட்டிய கண்ணாடி அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே வந்தபிறகு மூடினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு வர 2016 ஆனது. பதினைந்து வருடம்.

3 மே

நகைப் பட்டறை பற்றிக் கிருஷ்ணகிரி நண்பர் கேட்டது விட்டுப்போயிற்று. உண்மையில் இதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

என் மோதிரம் ஒருமுறை பாதரசம் பட்டு வெள்ளி மாதிரி வெளுத்துவிட்டது. பட்டறைக்காரர் வாங்கி, ஊதுகுழாயால் ஒரு நிமிடம் காய்ச்சினார். மஞ்சள் திரும்பி வந்தது. நான் கைதட்டாத குறை. அந்த வெள்ளை எங்கே போனது? அவர் மூக்குக்கும் என் மூக்குக்கும். பட்டறை மண்ணை வாங்கி அலசி, பாதரசம் போட்டுப் பிசைந்து, துணியில் பிழிந்து, உருண்டையைக் காய்ச்சித் தங்கம் எடுக்கிறவர்கள் இதையே தினமும் பெரிய அளவில் செய்கிறார்கள். 357 டிகிரியில் பாதரசம் கொதித்துவிடும். மூடிய அறையில் ஒரே தடவை காய்ச்சினாலும் சில மணி நேரத்தில் இருமல், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வந்து ஆளைக் கொன்றுவிடலாம். நிமோனியா என்று நினைத்துக்கொண்டு போவார்கள். சமையலறை அடுப்பில் செய்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டேன், இருந்தால் தயவுசெய்து சொல்லி நிறுத்துங்கள்.

9 ஜூன்

அண்ணன் ரிப்போர்ட் வந்துவிட்டது. 71. வேலையை விட்டு ஐந்து வாரம் கழித்து எடுத்தது, ஆகவே ஆரம்பத்தில் நூறைத் தாண்டியிருக்கவேண்டும். புரதமும் போகிறது, சிறுநீரக டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

ஓனர் "எழுதிக்கொடுக்காதே" என்று டாக்டரிடம் ஆள் விட்டாராம். பாதரச நோய், அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய தொழில்நோய்கள் என்று சட்டம் போட்டிருக்கும் பட்டியலில் இருக்கிறது. பார்த்த மருத்துவர் அரசின் தலைமை ஆய்வாளருக்கு எழுதித்தான் ஆகவேண்டும். இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. குடோனைத் தொழிற்சாலை என்று எடுத்துக்கொள்வார்களா என்பதில் வக்கீலுக்கு வேலை இருக்கும். வருகைப் பதிவு இல்லை, சம்பளம் கையில் என்றால் ஜிபே செய்த மெசேஜ், குடோனில் எடுத்த போட்டோ எதையும் அழிக்காதீர்கள்.

30 ஜூன்

வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால் என்ன செய்வது என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். ஜன்னலைத் திற, ஃபேனை நிறுத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பு. பெருக்காதே, ஒரு சொட்டு நூறு சொட்டாகும். வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை இரண்டால் தள்ளிச் சேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் தண்ணீருக்குள் விடு. அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதே, அரித்துவிடும். கந்தகப் பொடி தூவுவது பழைய வழக்கம். மேலே ஒரு தோல் மாதிரி கட்டும், முழுக்கத் தீர்க்காது. நான் அதை நம்பிப் பத்து வருடம் மூலையில் தூவிக்கொண்டிருந்தேன்.

18 ஆகஸ்ட்

கடைத் தரையை உடைத்துவிட்டேன். ஐந்து வருடம் முன்பே செய்திருக்கவேண்டியது, செலவைப் பார்த்துத் தள்ளிப்போட்டேன். காலையில் கதவைத் திறந்துவைத்துவிட்டு, மேஜை இருந்த இடத்தில் கொத்தனார் ஒரு கொத்து கொத்தியதும் சிமெண்ட் பெயர்ந்தது. அடியில் மண்ணோடு மண்ணாக, கடுகு கொட்டினது மாதிரி நூற்றுக்கணக்கில் மினுமினுத்தது. அவர் "அண்ணே, வெள்ளி!" என்றார். நான் 2018-இல் பாதரச வேலையை நிறுத்தினேன். ஆறு கோடைகாலம் இதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிஜிட்டல் மிஷினுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏப்ரலில் "கடை இருக்கிறது, பாதரசம் இல்லை" என்று எழுதினேன் அல்லவா. அந்த வரியை அடித்துவிடுங்கள்.

20 ஆகஸ்ட்

மண்ணை இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் மூடி வைத்திருக்கிறேன். அது தவிர பழைய ஸ்டாக் ஒரு பாட்டில், அரை லிட்டர் கூட இல்லை, ஆறு கிலோ கனக்கிறது. விலைக்குக் கேட்டு ஒரு பட்டறை மண் வியாபாரி இரண்டு முறை வந்துவிட்டார், கொடுக்கவில்லை. அபாயக் கழிவு எடுக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, இவ்வளவு சின்னச் சரக்குக்கு வண்டி வராது என்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் லேப், பள்ளிக்கூடம், பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறவர்கள் யாரிடமாவது இப்படி மூலையில் பாட்டில் இருந்தால் சொல்லுங்கள், சேர்த்து ஒரே வண்டியாக அனுப்பப் பார்க்கலாம்.

2 செப்டம்பர்

அண்ணனுக்கு 38. கொசுவர்த்தி அனுப்பியிருந்தார், வெளிச்சுற்று பரவாயில்லை, உள்ளே வரும்போது இன்னும் ரம்பம். பாட்டிலுக்கு இதுவரை இரண்டு பள்ளிக்கூடம் பேசியிருக்கிறது.